விரிதாளும் உழைப்போர் ஊதியமும்

பதிவேட்டில் வருகையைக் குறித்து, விரல்விட்டுக் கூட்டி ஊதியம் வகுத்த நிலை இற்றை நாளில் பெரிதும் மாறிவிட்டது. கணினியின் விரிதாளே கணக்கிடுகின்றது. பொறி பெருக்கலிற் பிழை செய்யாது. எனினும் அதற்கு வாய்பாடு எழுதித் தருபவன் மாந்தனே யன்றோ?

திங்கள் ஊதியம் 15,600 உருபா எனக் கொள்வோம். 30 நாள் திங்களில் ஞாயிறு நான்கும் நீங்கலாக 26 நாளும் தவறாது உழைத்தவனுக்கு அம் முழுத்தொகையும் உரியது. விரிதாளோ 30ஆல் வகுத்து, நாளொன்றுக்கு 520 எனக் கண்டு, வருகை நாளாகிய 26ஆற் பெருக்கினால் 13,520 உருபாவே வரும். ஒரு நாளும் விடுப்பெடுக்காதவன் 2,080 உருபா இழக்கின்றான்!

மணிக்கணக்கில் ஊதியம் பெறுவார்க்கும் இத்தகு கேடுண்டு. எட்டரை மணிநேர உழைப்பை 8.5 எனக் கொள்ளாது 8.30 எனப் பதிந்து பெருக்கினால், நாளொன்றுக்கு 12 மணித்துளி மறையும். 26 நாளில் ஐந்து மணிநேரத்திற்கும் மேற்பட்ட உழைப்பு வீணாகும்.

"கணினி காட்டிய கணக்கு" என்பது விடையாகாது. வகுத்த நாள், பெருக்கிய நாள், மிகைநேரம், பிடித்தம் ஆகிய அனைத்தையும் ஊதியச் சீட்டில் தெளிதமிழில் எழுதித் தருதல் நிறுவனத்தார் கடன். உழைக்கும் தோழர்களே! கையொப்பமிடுமுன் நீங்களும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். வியர்வை சிந்தியவன் கூலியில் ஒரு காசு குறையினும் அஃது அறமாகாது.