கோக்குவா, டியோவா?

போன வாரம் இடைவேளையில் வகுப்புக்கு வெளியே ஒரே சத்தம். யாருக்கு அடிபட்டதோ என்று நான் ஓடிவந்து பார்த்தேன். யாருக்கும் அடிபடவில்லை. சண்டை கோக்குவுக்கும் டியோவுக்கும்!

"கோக்குவோட பலம் ஒன்பதாயிரத்துக்கும் மேல!" என்றான் ஒருவன்.

"டியோ நேரத்தையே நிறுத்திடுவான். அப்புறம் ஒன்பதாயிரத்தை வச்சு என்ன பண்ணுவ?" என்றாள் இன்னொருத்தி.

மூன்றாம் நிலையில் படிக்கும் ஒரு தம்பி நடுவில் ஏதோ சொல்ல வந்தான். "நீ சின்னப் பையன், உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவன் வாயை அடைத்துவிட்டார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. (இதெல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. தமிழில் மாற்றி எழுதியது நான்.)

இதைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது. இப்படி வாதம் செய்வது நேரத்தை வீணாக்குவது என்று சில பெற்றோர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நல்லா வாதம் பண்ணுங்க! ஆனால் ஓர் எண்ணைச் சொல்லி எதிரில் இருப்பவரின் வாயை மூடப் பார்க்காதீர்கள். அது வாதமே இல்லை.

முதலில் அந்த ஒன்பதாயிரத்தைப் பார்ப்போம். டிராகன் பால் கதையை அகிரா தொரியாமா 1984இல் ஜப்பானில் வெளியிடத் தொடங்கினார். அதில் வெஜிட்டா ஒரு கண்ணில் ஸ்கவுட்டர் என்ற கருவியை மாட்டியிருப்பான். அது எதிரியின் பலத்தை எண்ணாகக் காட்டும். கோக்குவின் பலத்தைப் பார்த்து அவன் கத்துகிற காட்சி உங்களுக்குத் தெரியும். ஜப்பானிய மொழியில் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "எட்டாயிரத்துக்கு மேல்" என்றுதான் சொன்னான். ஆங்கிலத்தில் குரல் கொடுத்தபோது அது ஒன்பதாயிரம் ஆகிவிட்டது. நடுவில் ஓர் ஆயிரம் சும்மா வந்து சேர்ந்துகொண்டது! ஒரு கதையை அதன் சொந்த மொழியில் கேட்டால் இப்படிச் சில விஷயங்கள் தெரியவரும்.

சரி, எட்டாயிரமே இருக்கட்டும். அந்தக் கருவியை நம்பலாமா? கதையே நம்பாதே என்கிறது. ஃபிரீசா ஞாபகம் இருக்கா? "என் பலம் 530,000" என்று பெருமை பேசியவன். பிறகு அவன் பூமிக்கு வருகிறான். அங்கே டிரங்க்ஸ் என்ற இளைஞன் எதிரே நிற்கிறான். ஃபிரீசாவின் வீரன் ஒருவன் ஸ்கவுட்டரில் பார்க்கிறான். அது காட்டும் எண் வெறும் 5. வீரர்கள் சிரிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் டிரங்க்ஸின் வாள் ஃபிரீசாவை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. டிரங்க்ஸ் தன் பலத்தை அடக்கி வைத்திருந்தான். அவன் வெளியே காட்டியதை மட்டும்தான் கருவி அளந்தது.

எனக்கும் ஒருமுறை 5 வந்திருக்கிறது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது தமிழ்ப் பள்ளியில் சேர எழுத்துத் தேர்வு வைத்தார்கள். இருபதுக்கு ஐந்து. ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தார்கள். என் முழங்கால் மேசையில் இடிக்கும். வீட்டில் நான் பாட்டியோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் தமிழில் கதை பேசுவேன். அதை அந்தத் தேர்வு கேட்கவே இல்லை. எழுத எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. அந்த வருடம் வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை.

இப்போது நேரத்துக்கு வருவோம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

ஹிரோஹிக்கோ அராக்கி எழுதிய ஜோஜோ கதையில் டியோ நேரத்தை நிறுத்துவான். (இது பெரிய பிள்ளைகளுக்கான கதை. வீட்டில் கேட்டுவிட்டுப் பாருங்கள்.) எவ்வளவு நேரம் நிறுத்துவான்? முதலில் 5 நொடி, பிறகு 9 நொடி. கொஞ்சம் இருங்க. நேரமே நின்றுவிட்டால், அந்த 5 நொடியை எந்தக் கடிகாரம் எண்ணும்? டியோ தன் மனதுக்குள் எண்ணுகிறான். அப்படியென்றால் அவனுக்கு மட்டும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது! "நேரத்தை நிறுத்துவான்" என்று சொல்வதைவிட "மற்றவர்களை நிறுத்துவான்" என்று சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று: டியோ மேல் சூரிய வெளிச்சம் பட்டால் அவன் கதை முடிந்தது. அதனால் சண்டை பகலிலா இரவிலா என்று யாராவது கேட்டீர்களா? யாரும் கேட்கவில்லை.

டிராகன் பாலிலும் நேரத்தை நிறுத்துகிற ஒருவன் உண்டு. அவன் பெயர் குல்டோ. மூச்சைப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் அவனால் நேரத்தை நிறுத்த முடியும். மூச்சு விட்டால் போச்சு! எவ்வளவு பெரிய சக்திக்கு எவ்வளவு சின்ன எல்லை பாருங்கள்.

பிறகு வந்த டிராகன் பால் சூப்பரில் ஹிட் என்பவன் நேரத்தில் 0.1 நொடி தாவுவான். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. வெஜிட்டா அவனிடம் தோற்றுப்போனான். கோக்கு என்ன செய்தான்? வெஜிட்டா அடி வாங்குவதை உற்றுப் பார்த்தான். அடுத்த 0.1 நொடியில் ஹிட் எங்கே இருப்பான் என்று முன்கூட்டியே யோசித்து அடித்தான். அந்த இடத்தில் கோக்குவுக்கு உதவியது கை பலம் இல்லை, கவனம். அதனால்தான் என் ஓட்டு கோக்குவுக்கு. டியோ இரண்டு தடவை நேரத்தை நிறுத்தினால், மூன்றாவது தடவைக்குள் கோக்கு வழி கண்டுபிடித்துவிடுவான். "ரெண்டு தடவை நிறுத்தினாலே போதுமே, கோக்கு காலி" என்று நீங்கள் சொல்லலாம். அது நல்ல பதில். ஐந்து நொடியில் டியோ கோக்குவை எப்படிக் காயப்படுத்துவான் என்று மட்டும் விளக்குங்கள், என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன்.

மணி அடித்த பிறகு அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, "நீ என்னடா சொல்ல வந்தே?" என்று கேட்டேன். அவன் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான்: "ஆன்டி, நேரம் நின்னா காத்தும் நிக்கும்ல? அப்ப டியோ எப்படி மூச்சு விடுவான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் இடைவேளையில் இதே இடத்தில் பட்டிமன்றம் வைக்கலாம். இந்தத் தடவை தமிழில். முதல் கேள்வியை அந்தத் தம்பிதான் கேட்பான். பெரிய அண்ணா, அக்கா எல்லாரும் பதிலோடு வாங்க.