பிபா சௌத்ரி: 'நோபல் பறிபோன' கதையைத் தாண்டி மேடையில் காட்ட வேண்டியது என்ன?

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது காரிமங்கலம். அங்கிருந்து வடக்கே, நேர்கோட்டில் சுமார் 75 கி.மீ. போனால் கோலார் தங்கவயல். 'கேஜிஎஃப்', 'தங்கலான்' படங்கள் மூலமாகத்தான் நம்மில் பலருக்கு அந்த ஊரைத் தெரியும். ஆனால், அதே சுரங்கத்தின் ஆழத்தில் விண்வெளித் துகள்களைத் தேடும் ஆய்வுகளும் நடந்தன. அவற்றில் பங்கேற்றவர்களில் ஒருவர் வங்காளத்தைச் சேர்ந்த பெண் இயற்பியலாளர் பிபா சௌத்ரி.

பள்ளி, கல்லூரிகளில் அறிவியல் நாடகம் என்றதும் நியூட்டன், ராமன், கலாம் என்று பழகிய பெயர்களே முதலில் வரும். பிபாவை மேடையேற்றினால் எப்படி இருக்கும்? அதில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது?

யார் இந்த பிபா?

1913-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். 1936-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் எம்.எஸ்சி. முடித்தார். அந்த ஆண்டு அந்தப் பட்டம் பெற்ற ஒரே பெண் அவர்தான். ஆராய்ச்சியில் சேர டி.எம்.போஸிடம் போனபோது, பெண்களுக்குக் கொடுக்கும்படியான ஆய்வு எதுவும் தன்னிடம் இல்லை என்று அவர் தயங்கியிருக்கிறார். பிபா விடவில்லை. சேர்ந்தே விட்டார்.

அப்படி என்ன ஆராய்ச்சி?

விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் எப்போதும் பூமியைத் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துகள்கள் புகைப்படத் தகட்டின் வழியாகப் பாயும்போது மெல்லிய தடம் பதியும். அந்தத் தடத்தை நுண்ணோக்கியில் அளந்து, துகளின் நிறையைக் கணக்கிடலாம். டார்ஜிலிங், சந்தக்ஃபூ போன்ற உயரமான மலைகளில் மாதக்கணக்கில் தகடுகளை வைத்து ஆராய்ந்தார்கள் போஸும் பிபாவும். எலெக்ட்ரானைவிட சுமார் 200 மடங்கு நிறை கொண்ட மீசான் துகள்களின் தடங்களை அடையாளம் கண்டு, 1941, 1942-ம் ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

அப்போ நோபல் ஏன் வரவில்லை?

இங்கேதான் நாடகக்காரர்களுக்கு ஆசை வரும். வெள்ளைக்காரர் ஒருவரை வில்லனாக்கி, "நம்ம நோபலைத் திருடிட்டாங்க" என்று வசனம் வைத்தால் கைதட்டல் நிச்சயம். ஆனால் நடந்தது அது இல்லை.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். அவர்களுக்குக் கிடைத்தது 'ஹாஃப்-டோன்' தகடுகள்தான். துல்லியமாக அளக்கத் தேவையான 'ஃபுல்-டோன்' தகடுகள் கிடைக்கவில்லை. 1945-ல் பிபா முனைவர் பட்டத்துக்காக மான்செஸ்டரில் பிளாக்கெட்டின் ஆய்வகத்துக்குப் போய்விட்டார். 1947-ல் பிரிஸ்டலில் செசில் பவலின் குழு, மேம்பட்ட தகடுகளைக் கொண்டு பை-மீசானைக் கண்டுபிடித்தது. 1950-ல் பவலுக்கு நோபல். போஸ், சௌத்ரி இருவரும் முன்பே செய்த பணியைப் பவல் தன் நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

ஆக, இது திருட்டு அல்ல. சரியான கேள்வி கையில் இருந்தும், சரியான கருவி கைக்கு வராத கதை. ஒரு காலனி நாட்டின் ஆய்வகத்துக்கும் பிரிட்டன் ஆய்வகத்துக்கும் இருந்த இடைவெளியின் கதை.

அதற்குப் பிறகு?

1949-ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த முதல் பெண் ஆய்வாளர் பிபா. பின்னர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், கோலார் ஆய்வுகள், மீண்டும் கொல்கத்தா. 1991-ல் இறக்கும்வரை தேசிய அளவில் பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. 2018-ல்தான் அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாற்று நூல் வெளியானது. 2019-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒரு நட்சத்திரத்துக்கு 'பிபா' என்று பெயர் சூட்டியது.

இதற்கு எதற்கு நாடகம்?

மேடைக்கு அந்த வலிமை உண்டு. டி.என்.ஏ. ஆய்வில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் பங்கைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே கொண்டுபோனதில் 'ஃபோட்டோகிராஃப் 51' நாடகத்துக்கு இடம் உண்டு. 2015-ல் லண்டனில் நிகோல் கிட்மேன் அதில் நடித்தார்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 90-களின் அறிவொளி இயக்கமும் பாட்டு, வீதி நாடகம் வழியாகத்தான் கிராமங்களுக்குள் போயின. தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்கு இன்றும் கூட்டம் உட்காருகிறது.

கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். ஊர் மனசில் இருப்பதைப் பட்டென்று கேட்பவன். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த ஆராய்ச்சி?" என்று அவன் பிபாவிடம் கேட்டால், பதில் பார்வையாளர்களுக்கும் சேர்த்துத்தான். கோலார் காட்சியில் இன்னொன்றையும் காட்டலாம். அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம் வட்டாரங்களில் இருந்து போன தமிழர்கள். தருமபுரியே 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அவர்கள் தோண்டிய பாதையில்தான் விஞ்ஞானிகளின் கருவிகள் இறங்கின.

காரிமங்கலத்துக்கு ஏன் முக்கியம்?

பெண் சிசுக்கொலையால் செய்தியான மாவட்டம் தருமபுரி. தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இங்கே விரிவாக்கப்பட்டது. அதே மாவட்டத்தில், காரிமங்கலத்தில் இன்று பெண்களுக்கென்றே ஓர் அரசு கலை, அறிவியல் கல்லூரி இருக்கிறது. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வரும் ஒரு மாணவிக்கு, "உனக்குக் கொடுக்க ஆய்வு இல்லை" என்ற வார்த்தை வேறு வடிவத்தில் கேட்காமல் இருக்காது. "டிகிரி முடிச்சா போதும்", "எம்.எஸ்சி.க்கு வெளியூர் அனுப்ப முடியாது" என்று.

அந்த மாணவிக்கு, கிடைக்காத நோபலைவிட, இல்லை என்று சொன்ன பிறகும் அந்த அறையை விட்டு வெளியே போகாத 1936-ன் பிபாதான் அதிகம் உதவுவார். நாடகம் தொடங்க வேண்டியது அந்தக் காட்சியில் இருந்துதான்.