மரபணுவுக்கு ஒரு பொறி

எலிக்குப் பொறி வைப்பதை நாம் அறிவோம். எலியின் மரபணுவுக்கே பொறி வைக்கிறது இன்றைய அறிவியல்! சுண்டெலிக் கருவின் குருத்தணுக்களை 1981-இல் மார்ட்டின் எவான்ஸ் முதலானோர் பிரித்து வளர்த்தனர். அவற்றுள் செலுத்தப்படும் டி.என்.ஏ. துண்டு, ஏதோவொரு மரபணுவில் புகுந்து அதன் வேலையை நிறுத்துகிறது. எது நின்றது என்பதற்கும் அதுவே அடையாளம். அவ்வணு வழிப் பிறக்கும் எலிகளில் காணும் குறை, அம்மரபணுவின் பணியைச் சொல்லும்.

சில எலிகளில் குறையே தெரிவதில்லை. அதனால் அம்மரபணு வீணா? பிற மரபணுக்கள் அதன் சுமையைத் தாங்கியிருக்கலாம் அன்றோ?

ஒரகடத்து ஆலையொன்றில் என் தந்தை ஒப்பந்தத் தொழிலாளி. அவர் காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் லைன் நிற்கவில்லை. இருவர் அவர் வேலையையும் சேர்த்துச் செய்தனர். "நீ இல்லாமலே ஓடுகிறதே" என்றார் மேற்பார்வையாளர்.

ஓடியது என்பதால் ஆள் வேண்டாம் என்பது அறிவியலும் அன்று; அறமும் அன்று.