கனமில்லாத துப்பாக்கி

கைத்துப்பாக்கி விஷயத்தில் நாவலாசிரியர்களைப் போன்ற பொய்யர்கள் வேறு யாரும் இல்லை. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். தொடர்கதையில் பத்தாவது அத்தியாயம் தொய்ந்து போனால், கதாநாயகியின் கைப்பையில் ஒரு சின்ன ரிவால்வரைப் போட்டுவிடுவோம். கைக்குட்டையை எடுப்பது போல அவள் அதை எடுப்பாள். வில்லன் இரு கைகளையும் தூக்குவான். 'தொடரும்' என்று எழுதிவிட்டு நாங்கள் காப்பி குடிக்கப் போய்விடுவோம். அந்த ரிவால்வருக்கு எடை கிடையாது, விலை கிடையாது, லைசென்ஸ் கிடையாது, சுட்டால் கையை உதைப்பதும் கிடையாது.

கதையில் இது மன்னிக்கக்கூடிய குற்றம். ஆனால், ஓர் அரசாங்கத் தொழிற்சாலையே எங்கள் பத்தாவது அத்தியாயத்தை நம்பிக்கொண்டு, அதை உலோகத்தில் செய்து விற்கக் கிளம்பினால் என்ன சொல்வது?

2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. இந்தியப் பெண்களுக்கென்றே செய்த முதல் துப்பாக்கி என்று அதற்கு விளம்பரம். டைட்டானியக் கலப்பு உலோகம்; .32 அளவு, ஆறு தோட்டா, எடை சுமார் 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். நகைக்கடைப் பெட்டி மாதிரி கருஞ்சிவப்புப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். சீர்வரிசைத் தட்டில் வளையலுக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது!

பெயரைக் கவனியுங்கள். 2012 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு டில்லியில் ஓடும் பஸ்ஸுக்குள் சிதைக்கப்பட்டு, பதின்மூன்று நாள் போராடிச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் உயிர்விட்ட மாணவிக்குப் பத்திரிகைகள் இட்ட பெயர் 'நிர்பயா'. அச்சமற்றவள் என்று பொருள். 'நிர்பீக்' என்றாலும் அதே பொருள்தான். செத்துப்போன ஒரு பெண்ணின் பெயரைச் சற்றே மாற்றிச் சரக்கின்மேல் ஒட்டிவிட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் வீட்டு ஆண்களை இழந்த மணிப்பூர்ப் பெண்களுக்காகப் பாடுபடும் பினாலக்ஷ்மி நேப்ராம் அப்போதே இதைக் கண்டித்தார். அவருக்குத் துப்பாக்கி என்பது என்னவென்று தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கதைத் துப்பாக்கிதான்.

ஆயினும், எதிர்க்கட்சியின் வாதத்தை அலட்சியம் செய்வது தர்மமல்ல. இரும்புத் துப்பாக்கி கனம். கனமானதை மனிதர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டுப் பெட்டியில் இருக்கும் துப்பாக்கி வீதியில் உதவாது. ஆகவே லேசாகச் செய்யவேண்டும் என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். அமெரிக்காவில் இந்தப் பேச்சு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. கோல்ட் கம்பெனி 1950-லும், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி 1952-லும் அலுமினியக் கலப்பு உலோகத்தில் சட்டம் அமைத்து ரிவால்வர்களை விற்றன. அந்நாட்டு விமானப்படை ஒரு படி மேலே போய், தோட்டாக்கள் சுழலும் உருளையையும் அலுமினியத்திலேயே செய்யச் சொல்லி விமானிகளுக்குக் கொடுத்தது. உருளைகள் வெடிப்பு விட்டன. அவற்றில் பெரும்பகுதியை வாங்கி நொறுக்கும்படி ஆயிற்று. பிறகு டைட்டானியம் வந்தது. அலுமினியத்தோடு ஸ்காண்டியம் கலந்தார்கள். 2009-ல் ரூகர் கம்பெனி பிளாஸ்டிக்கையே உடலின் ஒரு பகுதியாக்கியது. இன்று .357 மாக்னம் என்னும் மூர்க்கமான தோட்டாவைச் சுடும் ரிவால்வர் ஒன்று சுமார் 340 கிராம் எடையில் கிடைக்கிறது. உலோக சாஸ்திரத்தின் வெற்றி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சந்தேகமெல்லாம் வேறு. குறைந்த அந்தக் கனம் எங்கே போயிற்று?

ஆற்றங்கரையில் தோணியிலிருந்து கரைக்குத் தாவியிருப்பவர்களுக்கு இதன் விடை தெரியும். பாரம் ஏற்றிய பெரிய தோணி நாம் தாவும்போது அசையாது. சின்னத் தோணி சரேலென்று பின்னால் போகும். துப்பாக்கியும் அப்படித்தான். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே பாய்கிறது. அதே தோட்டாவுக்குத் துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினால், கையில் வந்து விழும் உதைப்பின் சக்தி இரட்டிப்பாகும். பையில் குறைந்த பாரம் உள்ளங்கையில் வட்டியோடு வந்து சேருகிறது. அந்த 340 கிராம் ரிவால்வரைச் சுட்டுப் பார்த்த ஆண்பிள்ளைகளே, சில தோட்டாக்களுக்குப் பிறகு கீழே வைத்துவிட்டுக் கையை உதறுகிறார்கள். இன்னொரு விபரீதமும் உண்டு. உதைப்பின் வேகத்தில், உருளையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களிலிருந்து குண்டு முன்னே நழுவி, உருளையைச் சுழலவிடாமல் முட்டிக்கொள்ளும். ஆபத்துக் காலத்தில் சிக்கிக்கொள்ளாது என்பதுதான் ரிவால்வருக்குள்ள பெருமை. கனத்தைக் குறைக்கப் போய் அந்தப் பெருமையையும் குறைத்துக்கொண்டார்கள்.

கான்பூர்க்காரர்களுக்கு நியாயம் செய்யவேண்டும். அவர்கள் மாக்னத்தைத் தொடவில்லை. 1896-ல் அமெரிக்காவில் பிறந்த .32 என்ற சாதுவான தோட்டாவை வைத்தார்கள். அது கையை அதிகம் வருத்தாது. ஆனால், சுடுகிறவளை வருத்தாத தோட்டா சுடப்படுகிறவனையும் அவ்வளவாக வருத்தாது. இந்த வியாபாரத்தில் இனாம் என்று எதுவும் கிடையாது.

விசை ஒன்று இருக்கிறது. இத்தகைய சின்ன ரிவால்வர்களில் விசையை முழுதாக இழுக்கச் சாதாரணமாக 5 கிலோ அளவுக்குப் பலம் வேண்டும். அரைக் கிலோத் துப்பாக்கியில் ஐந்து கிலோ விசை! விசை பின்னே வருவதற்குள் துப்பாக்கி ஆடிவிடும். குழலோ குட்டை, முனை பிசகினால் ஆள் தப்பிவிடுவான், அல்லது வேறு ஆள் விழுவான். இதை வசப்படுத்த மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். துப்பாக்கி லேசானால் பயிற்சி இன்னும் அதிகம் வேண்டும். ஆக, பழக்கமில்லாத கைக்குத்தான் கனமான துப்பாக்கி நல்லது. லேசானது கைதேர்ந்தவர்களுக்கு உரியது. விளம்பரம் இதைத் தலைகீழாகச் சொல்கிறது: 'நீ பெண், மெல்லியவள், ஆகவே உனக்கு லேசானது.' பெண்ணின் மென்மையைப் பற்றி நாங்கள் கதையில் எழுதிய பிதற்றல்களில் இதுவும் ஒன்று.

சரி, யார் வாங்குவது? ஒன்றேகால் லட்சம் ரூபாயைத் துப்பாக்கிக்குச் செலவழிக்கக்கூடியவள் இரவு ஒன்பது மணிக்கு முன்பின் தெரியாத பஸ்ஸில் ஏறவேண்டிய அவசியம் இல்லை. அவளுக்குக் கார் இருக்கிறது. பஸ்ஸில் ஏறவேண்டியவளிடம் பணம் இல்லை. பணம் இருந்தாலும், 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அதற்குப் போலீஸ் விசாரணை வேண்டும். அந்த டில்லி பஸ்ஸில் ஆறு பேர் இருந்தார்கள். உருளையிலும் ஆறு தோட்டா. கணக்குச் சரியாக வருகிறதே என்று யாராவது சொன்னால், அவர் ஓடும் பஸ்ஸில் நின்றதே இல்லை என்று அர்த்தம்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. தேசியக் குற்றப் பதிவகத்தின் அண்மை ஆண்டுக் குறிப்புகளைப் பார்த்தால், கற்பழிப்பு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன்: உறவினன், அண்டை வீட்டான், முதலாளி, கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன். மாமாவுக்குக் காப்பி கொடுக்கப் போகிறவள் இடுப்பில் துப்பாக்கியோடா போவாள்?

'அப்படியானால் பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்கிறீரா?' என்று கேட்பீர்கள். இல்லை. பலாத்காரம் செய்ய வருகிறவனைக் கொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவு அதைச் சொன்னது. 2024-ல் வந்த புதுச் சட்டமும் சொல்கிறது. அரிவாள்மணையோ, குழவியோ, துப்பாக்கியோ, எது கைக்கு அகப்பட்டாலும் அவள் எடுக்கட்டும். அவளைக் குறை சொல்ல நான் வரமாட்டேன். ஆனால், உரிமை இருக்கிறது என்பது ஒன்று. அந்த உரிமையை விலைச்சீட்டு ஒட்டி அரசாங்கமே விற்பது வேறொன்று.

அந்தப் படுகொலைக்குப் பிறகு நீதிபதி வர்மா கமிட்டி இருபத்தொன்பதே நாளில், 2013 ஜனவரி 23-ஆம் தேதி, தன் அறிக்கையைக் கொடுத்தது. போலீஸைச் சீர்திருத்து, தெருவுக்கு விளக்குப் போடு, நம்பி ஏறக்கூடிய பஸ்ஸை விடு என்றது. இவையெல்லாம் கனமான காரியங்கள். டைட்டானியத்தில் செய்ய முடியாது. அந்தக் கனத்தைச் சுமக்கவேண்டிய கை அரசாங்கத்தின் கை. அது தன் தோளிலிருந்து அதை இறக்கி, 500 கிராமாக்கி, அழகான பெட்டியில் போட்டு, 'இந்தா அம்மா, இனி உன் பாடு' என்று அவளிடமே நீட்டியது, காசும் கேட்டது.

துப்பாக்கியின் கனம் எங்கே போயிற்று என்று கேட்டேன் அல்லவா? அங்கேதான் போயிற்று. என் பழைய கதாநாயகிகளின் கைப்பைகளிலிருந்து ரிவால்வர்களை இன்று எடுத்துவிடுகிறேன். தெருவிளக்கைப் போடவேண்டியவர்கள் இனி அதைப் போடட்டும்.