பேனா யார் கையில்?

2008 நவம்பரில் மும்பையில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். உளவுத்துறைக்குத் தெரிந்தது போலீசுக்குப் போய்ச் சேரவில்லை என்று பேச்சு வந்தது. 2009-ல் காவல் நிலையங்களைக் கணினியில் கோக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டம் ஒப்புதல் பெற்றது. பயணம், வங்கி, தொலைபேசி விவரங்களைத் திரட்டித் தரும் நாட்கிரிட் தொடர்ந்து வந்தது. 2020-ல் இரண்டையும் இணைக்க ஒப்பந்தம் போட்டார்கள்.

கொலைகாரனைப் பிடிக்காதே என்று நாம சொல்லலை. அன்னைக்கு ரயில் நிலையத்தில் செத்தவர்கள் வண்டிக்குக் காத்திருந்த சாதாரண சனங்கள். நம்ம கேள்வி வேற. கம்பியில ஓடுற தகவலை எழுதினது யார்?

ஊர்த் தெருவில் தகராறு. சேரிப் பையன் மேல் வழக்கு. ஸ்டேஷன் ரைட்டர் பேனாவை எடுக்கிறார். அந்தக் காகிதம் முன்னெல்லாம் ஒரு பீரோவில் கிடந்து செல்லரிக்கும். இன்னைக்கு நாடு முழுக்க ஓடும். பொய் எழுதினா பொய்யும் ஓடும்.

இது நம்ம கற்பனை இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் பெயர்கள் சரித்திரப் பதிவேட்டில் பாரபட்சமாக ஏறுவதைத் தடுக்கணும் என்று 2024 மே மாதம் உச்சநீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொன்னது. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-ல் போச்சு. அந்தப் பார்வை போகலையே!

2022-ல் வந்த சட்டப்படி கைதானவரின் கைரேகை, கருவிழிப் பதிவை 75 வருஷம் வைத்திருக்கலாம். முன்தண்டனை இல்லாதவர் விடுதலையானால் அழிக்கணும் என்றும் அதில் இருக்கு. ஆனால் மேல்முறையீடெல்லாம் முடிந்த பிறகுதான். வாய்தா வாய்தாவாக அலையும் கூலிக்காரனுக்கு அது எப்ப முடியும்? நாட்கிரிட்டிடம் கேட்கலாம் என்றால், 2011-லேயே அதைத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். அவன் நம்மைப் பார்க்கலாம், நாம அவனைப் பார்க்கக் கூடாது.

நம்ம கோரிக்கை மூணுதான். என் பெயரில் என்ன எழுதியிருக்கு என்று எனக்குக் காட்டு. சாதி பார்த்து ஏற்றிய பெயரை நீக்கு. வழக்குப் போட்ட சேதி ஓடுற அதே வேகத்தில் விடுதலைச் சேதியும் ஓடணும்.

தோழர்களே, உங்க சேரியில் விடுதலையானவர்களின் தீர்ப்பு நகல்களைத் திரட்டுங்கள். பெயரை நீக்கச் சொல்லி மனு எழுதி எஸ்.பி. அலுவலகத்தில் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.