மளிகைச் சீட்டில் பருப்பு எத்தனை கிலோ?

எங்கள் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது நிமிடத்தில் பேச்சு சர்க்கரைக்கு வந்துவிடும். நான்காவது நிமிடத்தில் ஒருவர் "அரிசியையே விட்டுட்டேன் சார்" என்பார். விட்டுவிட்டு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். காலையில் ஓட்ஸ் கஞ்சி, ராத்திரி இரண்டு சப்பாத்தி அல்லது கோதுமை ரவை உப்புமா. வெளியூரில் இருக்கும் பிள்ளை வாங்கி அனுப்பிய கினோவா பாக்கெட் ஒன்று பிரிக்காமல் அலமாரியில் இருக்கும். நெல்லைத் தவிர வேறு பேச்சு இல்லாத சீமையில் பிறந்துவிட்டு, இப்போது அரிசியைக் கண்டால் பயப்படுகிறோம்.

அரிசியைக் குறைக்க வேண்டியதுதான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் குறைத்த இடத்தில் இன்னொரு தானியத்தைக் கொண்டுவந்து வைத்தால் பெரிதாக என்ன மாறிவிடும்? ஓட்ஸும் தானியம், கோதுமையும் தானியம். நம் தட்டில் குறைந்துபோனது பருப்பும் பயறும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அதில் சொல்லியிருக்கும் அளவு: தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கடலை, எள் போன்றவை 35 கிராம். மீன், முட்டை சாப்பிடுகிறவர்கள் அந்த 85 கிராமில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம். அதாவது தானியம் மூன்று பங்கு என்றால் பருப்பு ஒரு பங்கு.

இதை மாதக் கணக்கில் போட்டால் விஷயம் புரியும். இரண்டு பேர் உள்ள வீட்டுக்குத் தானியம் 15 கிலோ, பருப்பு 5 கிலோ. உங்கள் மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் துவரம்பருப்பு ஒரு கிலோ, உளுந்து ஒரு கிலோ, பயத்தம்பருப்பு கால் கிலோ என்று எழுதுவதோடு சரி. இரண்டே கால் கிலோ. அதாவது பாதிகூட இல்லை. குழம்பில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது, ரசத்தில் கேட்கவே வேண்டாம்.

நம் வயதில் கலோரி அவ்வளவு தேவைப்படாது. ஆகவே அரிசி 15 கிலோவிலிருந்து 10, 12 கிலோவாக இறங்கலாம். பருப்பு அப்படி இறங்கக் கூடாது. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. மாடிப்படி ஏறும்போதும் தரையிலிருந்து எழுந்திருக்கும்போதும் அது நமக்கே தெரிகிறது. தசைக்கு வேண்டியது புரதம். 100 கிராம் அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 கிராம், பருப்பு வகைகளில் 22 முதல் 24 கிராம். கினோவாவில்கூட 14 கிராம்தான், விலையோ பருப்பைப்போலப் பல மடங்கு. அதோடு அரிசிப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவான இன்னொன்று அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு அளவைக் கூட்ட வேண்டும்.

இந்த ஜோடியை நமக்கு எந்த நிறுவனமும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வயலே சொல்லித்தந்தது. சம்பாவோ தாளடியோ அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம், தை மாசிப் பனி, இரண்டையும் வைத்தே செடி வந்துவிடும். சுமார் 70 நாளில் காய் முற்றிவிடும். அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்த்துவிட்டுப் போகும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து நெல்லுக்குப் பேர்போனது. அங்கிருந்து வந்த ஆடுதுறை 3 உளுந்து இப்படி நெல் தரிசில் தெளிப்பதற்கு என்றே வந்த ரகம். நெல் குதிருக்குப் போன கொஞ்ச நாளில் உளுந்தும் பயறும் அதே வயலிலிருந்து வீட்டுக்கு வந்தன. சமையல்காரர் கையில் அவை இட்லியாகவும் பொங்கலாகவும் ஆயின.

இப்போது அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளைத்த செடியை நசுக்கிவிடுகிறது. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் கோடையிலும் நெல்லே போடுகிறார்கள், சிலர் பருத்திக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் கட்டுப்படியாக வேண்டும். ஆனால் வயலில் பயறு குறைந்ததும் தட்டில் பயறு குறைந்ததும் எனக்கு வேறு வேறு கதையாகத் தெரியவில்லை.

அரிசி விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புழுங்கலரிசியைக் கைவிடாதீர்கள். ஐதராபாத் நிறுவனத்தைச் சொன்னேன் அல்லவா, அது 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவரிடம் ஒரே அறையில் தொடங்கியது. பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத்தான் அதைத் தொடங்கினார்கள். தீட்டிய பச்சரிசியே சாப்பாடாக இருந்த ஆந்திரக் கடற்கரைப் பக்கம் அந்த நோய் இருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகளில் அது அபூர்வம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. வெள்ளைவெளேர் என்று இருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுவதுதான் அந்தச் சத்துக்கு எமன்.

சரி, ஐந்து கிலோ பருப்பை எப்படிச் செலவழிப்பது? எங்கள் வீட்டுச் சீட்டைச் சொல்கிறேன்: துவரம்பருப்பு ஒன்றரை கிலோ, பயத்தம்பருப்பு ஒரு கிலோ, உளுந்து ஒரு கிலோ, கொண்டைக்கடலை அரை, பச்சைப்பயறும் காராமணியும் சேர்ந்து அரை, பொட்டுக்கடலை அரை. இதற்கு மேல் வேர்க்கடலை ஒரு கிலோ, எள் கால் கிலோ.

காலைப் பலகாரத்தில் மாற்றம் செய்வது சுலபம். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று உளுந்து போடுகிறோம். அடைக்கோ அரிசியும் பருப்பும் ஏறக்குறையச் சரிசமம். வாரத்தில் இரண்டு நாள் அடை என்று வைத்தாலே கணக்கு நேராகிவிடும். இட்லி அன்றைக்குச் சட்னிக்குப் பதிலாகக் கும்பகோணம் கடப்பா செய்யலாம். பயத்தம்பருப்பு நிறையப் போட்டு, உருளைக்கிழங்கைக் குறைத்துக்கொண்டால் சர்க்கரைக்காரர்களுக்கும் பயம் இல்லை. மத்தியானம் கத்தரிக்காய் ரசவாங்கி, பருப்புருண்டைக் குழம்பு, கீரைக் கூட்டு என்று பருப்பு கண்ணுக்குத் தெரிகிற பண்டமாக ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

சாயங்காலம் நாலு மணிக்குத்தான் நாம் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். காப்பியோடு பிஸ்கட், மிக்சர், பக்கோடா. அந்த இடத்துக்குச் சுண்டல் போதும். நவராத்திரி ஒன்பது நாளும் ஒவ்வொரு சுண்டலாகச் செய்கிற நாம், பத்தாம் நாள் ஏன் நிறுத்த வேண்டும்? ஊறவைக்க மறந்த நாளில் பொரியும் பொட்டுக்கடலையும், அல்லது ஒரு பிடி அவித்த வேர்க்கடலை. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கடலை வரும் பருவத்தில் இதைவிட நல்ல தின்பண்டம் எனக்குத் தெரியாது.

"வாயு சார்" என்பார்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவையுங்கள். பெருங்காயமும் இஞ்சியும் தாராளமாகப் போடுங்கள். பல் ஒத்துழைக்காதவர்கள் பயத்தம்பருப்புக் கஞ்சியில் தொடங்கலாம். திடீரென்று இரண்டு மடங்காக்காமல் வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டினால் வயிறு பழகிக்கொள்ளும்.

சீட்டு எழுதி வாங்க முடிகிற வீடுகளுக்கு இவ்வளவு சொல்லலாம். ரேஷன் கடையை நம்பியிருக்கும் வீடுகளுக்கு வேறு ஒன்று வேண்டும். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ வரை வரும். பசியைப் பெருமளவு ஒழித்த திட்டம், கையெடுத்துக் கும்பிட வேண்டும். அதே அட்டைக்கு 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ. உளுந்தும் கொடுத்துவந்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். இருபதுக்கு ஒன்று. மூன்றுக்கு ஒன்று எங்கே, இருபதுக்கு ஒன்று எங்கே? கூலிக்குப் போகிறவர்களுக்கும் தனியாக இருக்கும் கிழவிகளுக்கும் இந்த அட்டைதான் மளிகைச் சீட்டு.

டெல்டாவில் விளையும் உளுந்தையும் பச்சைப்பயறையும் அரசே நல்ல விலைக்கு வாங்கி, நம் மாவட்ட ரேஷன் கடைகளிலேயே இரண்டு கிலோவாவது கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. விலை நிச்சயம் என்றால் விவசாயி மறுபடியும் பயறு தெளிப்பார். பர்மாவிலிருந்து கப்பலில் உளுந்து வர, தஞ்சாவூர் வயல் கோடையில் சும்மா கிடக்க வேண்டியதில்லை.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். அடுத்த ஒன்றாம் தேதி சீட்டு எழுதும்போது அரிசிக்குக் கீழே பருப்பு, பயறு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு பேர் உள்ள வீட்டில் மூன்று கிலோவுக்குக் குறைவாக வந்தால், ஓட்ஸை அடித்துவிட்டு அந்த இடத்தில் பயத்தம்பருப்பு என்று எழுதுங்கள்.