ஏதோ வீடியோ கேம் சத்தம்

எங்கள் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடியில் ஒரு பையன் இருக்கிறான். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடிக்கு வரச் சொன்னான். கூடவே வயலின் வாசிக்கிற நண்பரையும் இழுத்துப் போனேன். நாற்பது வருஷமாகப் பக்கவாத்தியம் வாசிப்பவர். நல்ல காது. பையன் பையிலிருந்து செங்கல் சைஸில், பழுப்பேறிப் போன ஒரு கேம் பாயை எடுத்தான். 1989-ல் நின்டெண்டோ விட்ட மாடல். நாலு பென்சில் பேட்டரி போட வேண்டும். அதை ஒரு சின்ன ஸ்பீக்கரில் சொருகி, தானே போட்ட ட்யூன் ஒன்றை ஓட விட்டான்.

நண்பர் இரண்டு நிமிஷம் கேட்டார். எழுந்துவிட்டார்.

"இது ஏதோ வீடியோ கேம் சத்தம். இதுக்கா ஓய் என்னை மாடி ஏத்தினீர்?"

பையன் சிரித்துக்கொண்டான். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏனென்றால் இதே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒருத்தருடைய ட்யூனையே அமுக்கிய கதை எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன் இந்தச் சத்தம் எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் நண்பர் கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள்.

கேம் பாய்க்குள் மொத்தம் நாலே நாலு குரல். சதுர அலையில் கத்துகிற குரல் இரண்டு. 32 புள்ளிகளில் அலையின் வடிவத்தை நாமே வரைந்து கொடுக்கிற குரல் ஒன்று. அதிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரம்தான் அனுமதி. நாலாவது வெறும் இரைச்சல், மழை பெய்கிற டிவி மாதிரி. மிருதங்கமோ, தவிலோ, ட்ரம்ஸோ, எல்லாவற்றையும் அந்த இரைச்சலை வெட்டித்தான் செய்துகொள்ள வேண்டும். இதில் இசை எழுத ஸ்வீடன்காரர் யோஹான் கொட்லின்ஸ்கி 2000-வாக்கில் ஒரு மென்பொருள் செய்தார். 'லிட்டில் சவுண்ட் டிஜே' என்று பெயர். தபால்தலைக்கு அண்ணன் மாதிரி இருக்கிற திரையில் வரிசை வரிசையாக எண்களும் எழுத்துகளும் தெரியும். ஒரு சிலுவைப் பொத்தான், கூட நாலு பொத்தான். அவ்வளவுதான் கீபோர்டு. கட்டை விரலாலேயே ஒவ்வொரு ஸ்வரமாகப் போட வேண்டும். பையன் எங்களுக்கு வாசித்துக் காட்டிய மூணு நிமிஷ ட்யூனுக்கு ஒன்றரை மாதம் ஆனதாம். நடுவில் ஒரு தடவை கேசட்டுக்குள் இருக்கிற பட்டன் பேட்டரி செத்துப்போய், சேமித்து வைத்ததெல்லாம் அழிந்து, முதலிலிருந்து ஆரம்பித்தானாம்.

கொஞ்சம் கெட்டிக்காரத்தனத்தையும் சொல்கிறேன். மூணு குரல்தான் ஸ்வரம் பேசும் என்றால், மேற்கத்திய பாணியில் மூன்று ஸ்வரத்தைச் சேர்த்து ஒரு கார்டு வாசித்தாலே எல்லாம் தீர்ந்துவிடும். மெட்டுக்கு ஆள் ஏது, பேஸுக்கு ஆள் ஏது? அதனால் ஒரே குரலை ஸ, க, ப, ஸ, க, ப என்று விநாடிக்கு ஐம்பது தடவை தாவ விட்டார்கள். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைச் சுற்றினால் நெருப்பு வட்டமாகத் தெரிகிறதே, அதே ஏமாற்று வேலை. காது மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறது. அந்தக் 'கிர்ர்ர்' என்கிற நடுக்கம்தான் இந்த இசையின் கையெழுத்து. அது பொம்மையின் கோளாறு இல்லை. வழி இல்லாத இடத்தில் ஒருத்தன் கண்டுபிடித்த வழி.

நண்பரிடம் அங்கேயே கேட்டேன். "மோர்சிங்குக்கு ஒரே சுருதிதானே? அதுல தனி ஆவர்த்தனம் வாசிச்சா மட்டும் தலையாட்டறீரே?"

"அது வாத்யம் ஓய். இது பொம்மை."

பொம்மை! 1982-ல் வந்த கமோடோர் 64 கம்ப்யூட்டருக்குள் 'சிட்' என்று ஒரு சிப் இருந்தது. அதை வடிவமைத்த பாப் யானஸ், விளையாட்டுக்குக் 'கீ கீ' சத்தம் போட ஒன்றைச் செய்வோம் என்று உட்கார்ந்தவர் இல்லை. ஒரு சிந்தசைசரையே சிப்புக்குள் அடைக்கப் பார்த்தவர். மூன்று குரல், வடிகட்டி என்று சகலமும் உண்டு. பிற்பாடு அவரே என்சோனிக் என்கிற சிந்தசைசர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆனார். முதல் தலைமுறை சிட் சிப்பில் அந்த வடிகட்டி சிப்புக்குச் சிப்பு கொஞ்சம் வித்தியாசப்படும். ஒரு மெஷினில் குழைகிற ட்யூன் பக்கத்து மெஷினில் கரகரக்கும். நண்பரே, ஒரு வயலின் மாதிரி இன்னொரு வயலின் இருக்குமா? (நண்பர் இதைப் படிப்பார் என்பது தெரியும்.)

நம் ஊரில் 'வீடியோ கேம் சத்தம்' என்கிற இளக்காரம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. தொண்ணூறுகளில் பர்மா பஜாரில் வாங்கி டிவியில் சொருகிய பெட்டியை எத்தனை பேர் வீட்டில் பார்த்திருப்பீர்கள்! நின்டெண்டோவின் பழைய மெஷினுக்கு யாரோ போட்ட நகல் அது. மஞ்சள் கலர் கேசட்டில் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக அச்சடித்திருக்கும். உள்ளே பார்த்தால் பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். பரீட்சை நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே அப்பா வந்து ஒயரைப் பிடுங்குவார். அது ஒரு மெட்டு, அதை ஜப்பானில் ஒருத்தர் மண்டையை உடைத்துக்கொண்டு போட்டிருப்பார் என்று யாருக்குத் தோன்றியது? பெட்டி மேலேயும் பேர் இல்லை, கேசட் மேலேயும் பேர் இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

யன்னே சுனி என்கிற ஃபின்லாந்துக்காரர் 'ஆசிட்ஜாஸ்டு ஈவினிங்' என்று ஒரு ட்யூன் போட்டார். அமிகா கம்ப்யூட்டரில், நாலே சானலில். 2000-ல் ஹெல்சிங்கியில் நடந்த 'அசெம்பிளி' கம்ப்யூட்டர் கலை விழாவில், பழைய பாணி இசைப் போட்டியில் அதற்கு முதல் பரிசு. பிறகு க்ளென் ரூனே கேலஃபாஸ் என்கிற நார்வேக்காரர், சுனியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அதையே கமோடோர் 64-க்கு மாற்றி எழுதினார். நாலு சானல் சரக்கை மூன்று குரலுக்குள் அடைப்பது மாற்றி எழுதுவது இல்லை, மறுபடி எழுதுவது. 2002-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு 'டிஸ்க் பத்திரிகை'யில் அது வெளியானது. அந்த மெஷினை இன்னமும் விடாத ஆசாமிகள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டுக்கொள்கிற பத்திரிகை. சம்பளம் கிடையாது, விற்பனை கிடையாது. முதல் போட்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் இரண்டாமவர் கை வைத்தார் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அமெரிக்கா. டிம்பலாண்ட் அந்த ஊரின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவர். 2005-ல் அவர் பெயரில் ஒரு ரிங்டோன் விற்பனைக்கு வந்தது. 2006-ல் அவர் தயாரித்த நெல்லி ஃபுர்டாடோவின் 'லூஸ்' ஆல்பத்தில் 'டூ இட்' என்று ஒரு பாட்டு. இரண்டிலும் அந்த ட்யூன். 2007 ஜனவரியில் யாரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடியோ போட, ஊரே கேட்டது. பேட்டியில் கேட்டபோது டிம்பலாண்ட் என்ன சொன்னார் தெரியுமோ? எடுத்ததை மறுக்கவில்லை. ஏதோ வீடியோ கேமிலிருந்து வந்தது என்கிற தோரணையில் சிரித்துத் தள்ளினார். யாருடையது என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்றும் பேச்சு.

அந்த ட்யூன் எந்த வீடியோ கேமிலும் வந்ததே இல்லை.

தேட நேரமில்லை என்பதையும் பார்த்துவிடுவோம். கமோடோர் ட்யூன்கள் உலகத்தில் சுற்றுவது சிட் கோப்புகளாக. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் மூன்று இடம் விட்டிருக்கிறார்கள், தலா 32 எழுத்து. முதலாவதில் ட்யூனின் பெயர். இரண்டாவதில் போட்டவர் பெயர். மூன்றாவதில் எந்த வருஷம், யார் வெளியிட்டது. ஆர்வலர்கள் இப்படி 50,000-க்கும் மேற்பட்ட ட்யூன்களைச் சேர்த்து, போட்டவர் பெயர்வாரியாக அடுக்கி, இலவசமாக வைத்திருக்கிறார்கள். நம் சினிமாப் பாட்டு கேசட்டுகளில் பாடலாசிரியர் பெயரைத் தேடி எத்தனை தடவை ஏமாந்திருக்கிறேன்! பல பாட்டுக் கம்பெனிகளை விட இந்தப் 'பொம்மைக்காரர்கள்' ஒழுங்கு. கோப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவதே பெயர்தான். படிக்க நேரமில்லையாம்.

வழக்கு போட்டார்கள். கேலஃபாஸிடமிருந்து உரிமை பெற்ற கெர்னல் ரெக்கார்ட்ஸ் என்கிற ஃபின்லாந்து கம்பெனி 2009-ல் ஃப்ளோரிடா மாநிலத்தில் பெடரல் கோர்ட்டுக்குப் போனது. டிம்பலாண்ட் தரப்பு வாதம் அபாரம். இது இன்டர்நெட்டில் வந்தது, எனவே ஒரே விநாடியில் உலகம் முழுக்க வெளியானது, எனவே அமெரிக்காவிலும் வெளியானது, எனவே இது அமெரிக்கப் படைப்பு, எனவே வாஷிங்டனில் பதிவு செய்யாமல் வழக்கே போட முடியாது. நார்வேக்காரர் தன் வீட்டில் ஃபின்லாந்துக்காரர் ட்யூனை எழுதி ஆஸ்திரேலியப் பத்திரிகைக்குக் கொடுத்தால், அது அமெரிக்கப் படைப்பு! 2011-ல் கீழ்க் கோர்ட் இதை ஏற்றுக்கொண்டது. 2012 செப்டம்பரில் அப்பீல் கோர்ட், இன்டர்நெட்டில் வந்தாலே உலகம் முழுக்க வெளியானதாகக் கொள்வது தப்பு என்று சொல்லிவிட்டு, ஆனாலும் வெளிநாட்டில்தான் முதலில் வெளியானது என்பதற்குக் கெர்னல் போதிய சான்று தரவில்லை, பதிவும் இல்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்ததை உறுதி செய்தது.

ஆக, ட்யூனை எடுத்தது சரியா தப்பா என்கிற கேள்விக்கு அந்த வழக்கில் பதிலே வரவில்லை. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. நீதிபதிகள் முன்னால் வைத்த காகிதத்தைத்தான் பார்க்க முடியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். எடுத்தது ஒரு பியானோ கச்சேரியிலிருந்து என்றால், ஏதோ பியானோ சத்தம் என்று ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாரா? பியானோ என்றால் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது உடனே ஞாபகம் வருகிறது. சிப் என்றால் மெஷின் தானாகப் பாடுகிறது என்று நினைப்பு. தானாக வருவதற்குச் சொந்தக்காரன் ஏது? தெருக்குழாய்த் தண்ணீர் மாதிரி யாரும் பிடித்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்த் திசையிலிருந்து வந்த தொல்லையும் உண்டு. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை நடத்திய மால்கம் மெக்லாரன் 2003-ல் 'வயர்ட்' பத்திரிகையில் இந்த இசையை வானளாவப் புகழ்ந்து எழுதினார். புதிய பங்க், புரட்சி, அது இது என்று. கொண்டாட வேண்டியவர்களே கோபப்பட்டார்கள். விஷயம் புரியாமல் எழுதுகிறார் என்று அவருக்குப் பகிரங்கக் கடிதமே போட்டார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பழைய பொம்மை, ஏழை மெஷின், ஆஹா என்ன எளிமை என்று உருகுகிறவரும் வாசிப்பவனைப் பார்ப்பதில்லை, பெட்டியைத்தான் பார்க்கிறார். பெட்டி ஃபேஷன் ஆனால் பழைய மார்க்கெட்டில் விலை ஏறும். ட்யூன் போட்டவன் பேர் அப்போதும் வெளியே வராது.

இவர்கள் மட்டும் யோக்கியமா என்று ஒரு கேள்வி வரும். வரவேண்டியதுதான். அமிகாவில் ட்யூன் போட்டவர்கள் ஒலித்துண்டுகளைச் சேர்த்துத்தான் போட்டார்கள். அந்தத் துண்டுகளில் பல, யாரோ ஒருத்தர் இசைத்தட்டிலிருந்து வெட்டினவை. பழைய கேம்களின் மெட்டுகளையும் யாரையும் கேட்காமல் மறுபடி மறுபடி வாசித்திருக்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை. நண்பர்களுக்குள் சும்மா சுற்றுகிற சரக்குக்கும், ரிங்டோனாகக் காசுக்கு விற்கிற சரக்குக்கும் வித்தியாசம் உண்டு என்று நான் நினைக்கிறேன். நீங்கள் இல்லை என்றால் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அந்தத் தப்பைக் காட்டி இந்தத் தப்புக்கு ரசீது போடாதீர்கள். நிஜ மெஷினில் வாசித்தால்தான் சிப்ட்யூன், கம்ப்யூட்டரில் பாவனை செய்தால் பாவம் என்கிற மடிசஞ்சிகளும் அங்கே உண்டு. அவர்களோடும் எனக்கு ஒட்டாது.

அன்றைக்கு மாடியில் இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். நண்பர் மறுபடி உட்கார்ந்தார். பையன் ட்யூனை முதலிலிருந்து ஓட விட்டான். இந்தத் தடவை முழுசாகக் கேட்டார். தொடையில் விரல் தாளம் போட்டதைப் பார்த்தேன். ஒரு இடத்தில் நிறுத்தி, "அங்க அரை இடம் தள்ளி எடுத்திருக்கியே, வேணும்னா, தவறிப்போயா?" என்று பையனைக் கேட்டார்.

"வேணும்னுதான் சார்."

"ம். சத்தம் என்னவோ எனக்கு இன்னும் தலைவலிதாம்ப்பா." தலையைத் தடவிக்கொண்டார். "இதுக்குப் பேர் என்ன வெச்சிருக்கே?"

"எட்டு எழுத்துக்கு மேல அதுல இடமில்லை சார், இங்கிலீஷ்ல. அதனால சுருக்கி வெச்சிருக்கேன்."

"உன் பேரு?"

"அதுக்கு இடமில்லை. கேசட் மேல பேனாவால எழுதியிருக்கேன்."

திருப்பிக் காட்டினான். அதற்குள் பேட்டரி தீர்ந்து திரை மங்க ஆரம்பித்திருந்தது. நாலு புது பேட்டரி எடுத்து வர அவன் கீழே இறங்கினான்.